கடைசிப் படகு இரண்டரைக்கு

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு என் அண்ணை காங்கேசன்துறைத் துறைமுக வாசலால் வெளியே வந்தார். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு ஊரில் கால் வைக்கிறார். பிற்பகல் இரண்டரைக்குக் கடைசிப் படகு. அதைத் தவறவிட்டால் கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விடும். வேலையும் அதோடு போய்விடும். ஆக, எங்கள் கையில் இருந்தது நாலு மணித்தியாலமும் பத்து நிமிடமும்.

அண்ணையின் பெயர் பார்த்தீபன். இந்தியாவிலிருந்து புறப்பட்டு இலங்கையைச் சுற்றி வரும் உல்லாசக் கப்பல் ஒன்றின் சமையலறையில் வேலை. எங்கள் அப்பா, அப்பாவின் அப்பா எல்லாரும் கடலில் தொழிலுக்குப் போனவர்கள்தான். ஆனால் ஆயிரம் பேருக்கு வெங்காயம் வெட்டுவதற்காகக் கடலில் போனது எங்கள் குடும்பத்தில் அண்ணை ஒருவர்தான். அந்தக் கப்பல் காங்கேசன்துறைக்கு வருவது அதுதான் முதல் தடவை. துறைமுகத்துக்குள் வர முடியாத பெரிய கப்பல் என்பதால் வெளியே நங்கூரம் போட்டு நின்றுகொண்டு, ஆட்களைச் சின்னப் படகுகளில் கரைக்கு இறக்கினார்கள்.

செவ்வாய்க்கிழமையே போன் வந்திருந்தது. அம்மாவும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டேன்.

"அம்மா, சனிக்கிழமை எங்கடை கப்பல் ஊருக்கு வருகுது. நாலு மணித்தியாலம் இறங்க விடுவினம்."

அம்மா நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். "கணவாய் வாங்க வேணும். பிள்ளை, விடியவே மயிலிட்டிக்குப் போ. நல்ல கணவாயாப் பார்."

"அம்மா, கேளுங்கோவன். வீட்டை வர ஏலாது போல கிடக்கு. ரொமெலுக்கு யாழ்ப்பாணம் காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆரவன் ரொமெல்? பதினாலு மாசத்துக்குப் பிறகு வாறாய். வீட்டு வாசல்லை கால் வையாமல் ஊர் சுத்தப் போறியோ?"

ரொமெல் பிலிப்பைன்ஸ்காரர். அண்ணையோடு ஒரே சமையலறையில் நாலு வருடமாக வேலை செய்கிறவர். முந்தி இருவரும் வேலை செய்த கப்பல் ஒருமுறை மணிலாவில் ஐந்து மணித்தியாலம் நின்றதாம். ரொமெல் தன் வீட்டுக்குப் போகாமல் அண்ணையை அந்த ஊர் முழுவதும் இழுத்துக்கொண்டு திரிந்தாராம். கோட்டை, பெரிய தேவாலயம், கடற்கரை, ஆற்றுப் பாலம், ஒன்றும் விடவில்லையாம்.

"அவன்ரை அம்மா என்ன செய்தவ தெரியுமோ? பஸ் ஏறி வந்து எங்களோடை சேந்து சுத்தினவ. கோட்டைப் படியிலை இருத்தித்தான் எனக்குச் சோறு தந்தவ," என்றார் அண்ணை. "அவனுக்கு நான் இவ்வளவு நாளா எங்கடை ஊரைப் பற்றி அளந்து வைச்சிருக்கிறன் அம்மா. இப்ப கப்பல் இஞ்சையே வருகுது. காட்டாமல் விட்டால் நான் மனுசனே இல்லை."

அம்மா திரும்ப நாற்காலியில் இருந்தார். பிறகு கேட்டார்.

"அந்த மனுசிக்கு என்ன வயசு?"

"எழுபது வரும்."

"எனக்கு அறுபத்திமூண்டு," என்றார் அம்மா. "நானும் வாறன். சுபாவின்ரை ஓட்டோவிலை இடம் இருக்குத்தானே?"

நான்தான் சுபா. சுபாஜினி. மாவிட்டபுரத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஓட்டோ என்னுடையது. பின்னால் மூன்று பேர் இருக்கலாம். அன்றிரவே ஒரு கொப்பித் தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். நல்லூர், மணிக்கூட்டுக் கோபுரம், நூலகம், கோட்டை. போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். இடையில் கிடைப்பது இரண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே நிமிடங்களை எழுதி, கூட்டிப் பார்த்து, வெட்டி, திரும்பவும் எழுதினேன். எனக்கு நித்திரையே வரவில்லை.

சனிக்கிழமை துறைமுக வாசலில் அண்ணை அம்மாவைக் கட்டிப் பிடித்தார். அம்மா அவருடைய கன்னத்தைத் தடவி, "மெலிஞ்சு போனாய்," என்றார். அண்ணை நன்றாகக் கொழுத்திருந்தார். அவருக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க, குள்ளமான, சிரித்த முகமுள்ள ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வணக்கம் அம்மா," என்றார் ரொமெல். "சாப்பிட்டியளோ?"

அம்மா வாயில் கை வைத்துவிட்டார். "எடியே, எங்கடை கதை கதைக்குது உந்தத் தம்பி!"

"ஓம்," என்றார் ரொமெல். "கெதியா வாங்கோ. நேரமில்லை."

இந்த நாலைந்து வசனமும் அண்ணை அவருக்குப் படகில் வரும்போது சொல்லிக் கொடுத்ததாம். மற்றதெல்லாம் ஆங்கிலம். அண்ணை அம்மாவுக்குத் தமிழில் சொல்வார். அம்மா தமிழிலேயே ரொமெலுக்குப் பதில் சொல்வார். அண்ணை மொழிபெயர்க்க முதலே இரண்டு பேரும் தலையாட்டிச் சிரிப்பார்கள்.

நான் ஓட்டோவை விட்டேன். பின்னால் ஒரு கரையில் அம்மா, நடுவில் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்தபடி அண்ணை, மற்றக் கரையில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ரொமெல். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் கோபுரத்தைக் கண்டதும் ரொமெல் துள்ளினார். "நல்லூர்?"

"இல்லை, இது வேறை," என்றார் அண்ணை.

தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயில் வந்தது. "நல்லூர்?"

"இல்லை."

மல்லாகம் தாண்டி, சுன்னாகம் தாண்டி, இணுவில் வரைக்கும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் அதே கேள்வி. கடைசியில் அம்மாவே முந்திக்கொண்டு, "உது இல்லைத் தம்பி, உது இல்லை," என்று சொல்லத் தொடங்கினார். சுன்னாகம் சந்தையடியில் லொறிக்கு ஏற்றிக்கொண்டிருந்த, தாளோடு கட்டிய வெங்காயப் பிடிகளைப் பார்த்து ரொமெல் முகத்தைத் திருப்பினார். கப்பலில் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை உரிக்கிறார்கள் என்று அவர் சொல்ல, அம்மா, "பாவங்கள்," என்றார்.

கோண்டாவிலடியில் ரொமெல், கோட்டையில் எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டார். அண்ணை கண்ணை மூடித் திறக்க முதல், "நாப்பது," என்றார்.

நான் கண்ணாடிக்குள்ளால் அவரைப் பார்த்தேன். "அண்ணை, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "தெரியாது. நான் உள்ளுக்குப் போனதே இல்லை. படத்திலை பாத்ததுதான். நீ?"

"நானும் இல்லை. ஆக்களை வாசல்லை இறக்கிப்போட்டு வந்திருக்கிறன். அம்மா, நீங்கள்?"

"கலியாணம் கட்டின புதுசிலை கொப்பர் கூட்டிக்கொண்டு போறன் எண்டவர்," என்றார் அம்மா. "பேந்து சண்டை துவங்கீட்டுது."

எங்களுக்கு அது விளங்கக்கூடியதுதான். அண்ணையும் நானும் பிறந்ததும் வளர்ந்ததும் மல்லாகத்தில் ஒரு முகாமில். காங்கேசன்துறைப் பக்கத்துச் சொந்தக் காணியை இராணுவம் திரும்ப விட்டபோது எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது. முகாம், பள்ளிக்கூடம், தண்ணீர் எடுக்கிற பைப்படி, இதுதான் எங்கள் ஊர். யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனால் ஆஸ்பத்திரிக்கு அல்லது அரச அலுவலாகக் கச்சேரிக்கு. கோட்டையைப் பார்க்கவென்று யார் போனது?

"இவனுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ," என்றார் அண்ணை. "நான் கோட்டைக்குள்ளை விளையாடித் திரிஞ்சன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரொமெலும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

பதினொன்று பத்துக்கு நல்லூர். கோபுரத்தின் பொன்னிறம் வெயிலில் பளபளத்தது. ரொமெல் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டோ நிற்க முதலே இறங்கி, செருப்பைக் கழற்றி, சுடுமணலில் குதித்துக் குதித்து ஓடினார். வாசலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்று அண்ணை சொன்னார். ரொமெல் அந்தக் கணமே கழற்றினார். அவருடைய முதுகு முழுவதும் பச்சை குத்தியிருந்தது. நீல முக்காடு போட்ட ஒரு பெண், கைகூப்பியபடி.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை அம்மாவின் காதுக்குள் கேட்டார். "சட்டையைப் போடச் சொல்லவோ அம்மா? வெளியிலை நிக்கட்டோ?"

அம்மா ரொமெலைச் சுற்றிப் போய் முதுகை உற்றுப் பார்த்தார். "உது ஆர், மாதாவோ?"

"மாதாதான்."

"அப்ப என்ன? அவவும் வந்து பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அம்மா ரொமெலின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒருவரும் தடுக்கவில்லை. கற்பூரத் தட்டோடு வந்தவர்கூட ரொமெலுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றுவிட்டுப் போனார். உள்வீதியைச் சுற்றி வரும்போது ரொமெல் மேற்கூரையைப் பார்த்துப் பார்த்து நடந்து இரண்டு தூணில் முட்டப் பார்த்தார். உள்ளே படம் எடுக்க முடியாது என்பதால், "கண்ணாலை எடுக்கிறன்," என்று அண்ணையிடம் சொன்னாராம். தாளில் இருபத்தைந்து நிமிடம் எழுதியிருந்தேன். முப்பத்தைந்து போய்விட்டது. நெற்றி நிறைய விபூதியோடு அவரை ஓட்டோவுக்குள் தள்ளினேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்தில் இறங்க நேரமில்லை. "பிடிச்சுக் கொள்ளுங்கோ," என்று சொல்லிவிட்டு அதை இரண்டு தரம் சுற்றினேன். ரொமெல் ஒரு சுற்றுக்குக் கோபுரத்தைப் படம் எடுத்தார், மறு சுற்றுக்குத் தன்னையும் கோபுரத்தையும் சேர்த்து எடுத்தார். மூன்றாம் சுற்றுக் கேட்டவர் அம்மா. அவருக்குத் தலை சுற்றவில்லையாம், நன்றாக இருக்கிறதாம்.

நூலகத்தில் எங்களுக்குத் தடை. வெளியாட்களைப் பின்னேரம்தான் உள்ளே விடுவார்களாம். வாசலில் இருந்த காவலாளி நல்ல மனுசன். "கட்டிடத்துக்குள்ளை விட ஏலாது. முத்தத்திலை நிண்டு பாருங்கோ," என்றார். சரஸ்வதி சிலைக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கட்டிடம் ஒரு கறையில்லாமல் நின்றது. ரொமெல் அதைப் பார்த்தபடி, இது புதிதா பழையதா என்று கேட்டார்.

"எரிச்சவை," என்றார் அண்ணை. "திரும்பக் கட்டினது."

"புத்தகங்கள்?"

"அதுகளும்தான்."

ரொமெல் தொப்பியைக் கழற்றினார்.  பிறகு யன்னலுக்குள்ளால், மேசையில் குனிந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தெரிய, அவர்களைச் சுட்டிக் காட்டினார். "நிறைந்திருக்கிறது," என்றார். நானும் அதை அப்போதுதான் கவனித்தேன். ஒரு கதிரைகூடக் காலியாக இல்லை.

பன்னிரண்டு பத்துக்குக் கோட்டை வாசல். அகழியைத் தாண்டி வளைவுக்குள்ளால் நடந்தோம். உள்ளே இவ்வளவு பெரிய வெளி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மதில். உள்ளே பத்துப் பள்ளிக்கூட மைதானங்களைக் கொண்டுவந்து போடலாம். சுவரெல்லாம் பவளக்கல், தொட்டால் கையில் சொரசொரக்கும். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவால் மேலே ஏறினார். நான் பிடிக்கப் போக, "விடு, நான் ஏறுவன்," என்றார். படிகள் எத்தனை என்று ஒருவரும் எண்ணவில்லை.

மேலே நின்றபோது காற்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் கடல்நீரேரி, பச்சையாக, அசையாமல். பண்ணைப் பாலத்தில் பஸ் ஒன்று தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மறு பக்கம் ரவுண் முழுவதும் மரங்களுக்குள்ளால் தெரிந்தது. கோட்டையின் ஐந்து முனைகளும் நட்சத்திரம் போல நீட்டிக்கொண்டு நிற்பதை மேலிருந்துதான் விளங்கிக்கொள்ள முடியும்.

"அம்மா! அம்மா, இஞ்சை வாங்கோ! நூலகம் தெரியுது!" அண்ணை மதிலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடினார். "சுபா, அங்கை பார், மணிக்கூட்டுக் கோபுரம்! ஐயோ, என்ன வடிவு!"

ரொமெல் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார். "பார்த்தி, நீ இங்கே இதற்கு முன் வந்ததே இல்லை, என்ன?"

அண்ணை நின்றார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "இல்லை," என்றார்.

"கோட்டைக்குள்ளே விளையாடினேன் என்றாய்."

"விளையாட ஆசைப்பட்டனான்."

ரொமெல் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மணிலாவில் தானும் அந்தப் பெரிய தேவாலயத்துக்குள் அண்ணையோடு போன அன்றுதான் முதன்முதல் போனதாகவும், தன் அம்மா அதை அண்ணையிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்ததாகவும் சொன்னார். அண்ணை அவருடைய முதுகில் ஓங்கி அடித்தார். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்றானதும் நாலு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மதிலைச் சுற்றி நடந்தோம். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்தது என்று ஒரு பலகையில் எழுதியிருந்ததை அண்ணை வாசித்துச் சொல்ல, ரொமெல், "எங்களுக்கு ஸ்பானியர்," என்றார். அம்மா, "எல்லா இடமும் வந்திருக்கிறாங்கள்," என்றார்.

கோட்டைக்கு வெளியே மர நிழலில் கூடையைத் திறந்தோம். சோறு, கணவாய்க் கறி, முருங்கைக்காய்ப் பிரட்டல், மீன் சொதி. ரொமெல் கையால் பிசைந்து சாப்பிட்ட விதத்தைப் பார்த்து அம்மா மூன்று தரம் சோறு போட்டார். கணவாயை வாயில் வைத்தவர் கண்ணை மூடினார். பிறகு என்ன போட்டீர்கள், எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார். அம்மா அண்ணையைப் பார்த்து, "பார், இவ்வளவு நாளும் நீ ஒருக்காலும் கேட்டதில்லை," என்றார். அண்ணை அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டார். அம்மா அசையாமல் இருந்தார்.

நேரம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒன்று இருபதுக்குப் புறப்பட்டால் சரி. ரொமெல் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார்.

ஒன்று ஐந்து. ஆளைக் காணவில்லை. ஒன்று பத்து. அண்ணை தண்ணீர்ப் பைப்படிக்கு ஓடினார். அங்கே இல்லை. அவருடைய போன் எங்கள் கூடைக்குள் கிடந்தது. ஒன்று பதினைந்து. "அம்மா, நீங்கள் ஓட்டோவிலை இருங்கோ," என்று சொல்லிவிட்டு நானும் ஓடினேன். கோட்டை வாசலில் கேட்டேன். பழம் விற்கிறவரிடம் கேட்டேன். "கட்டையான வெளிநாட்டுக்காரர், நெத்தியிலை விபூதி," என்றேன். அவர் வீதிக்கு அப்பால் கையைக் காட்டினார். "உங்காலை பந்துச் சத்தம் கேட்டுது. அங்கை போனவர்."

அந்தக் காலத்து மிசன் பள்ளிக்கூடம் ஒன்றின் கூடைப்பந்து மைதானம். சனிக்கிழமைப் பயிற்சி. பதினேழு, பதினெட்டு வயதுப் பெட்டைகள் ஐந்து பேர் ஒரு பக்கம். மறு பக்கம் வேறு நாலு பேரோடு ரொமெல், வெறுங்காலோடு, வியர்வை வழிய. விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு ரீச்சர் நடுவில் நின்றார். நான் கத்தினேன். "ரொமெல்! படகு!"

"அஞ்சு நிமிசம்," என்றார் ரீச்சர் என்னைப் பார்த்து. "நான் றெஜி. உங்கடை ஆள் மதிலுக்கு வெளியிலை நிண்டு, பந்தைப் பிடிக்கிற விதம் பிழை எண்டு கையைக் காட்டினவர். அப்ப வந்து விளையாடிக் காட்டுங்கோ எண்டன். இப்ப எட்டுக்கு எட்டு. பத்து எடுத்தால் முடிஞ்சுது."

அண்ணையும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "இவனுக்கு விசர்! அவன்ரை ஊரிலை எல்லாருக்கும் இந்தப் பந்து விசர்தான்!" என்றார். இழுத்துக்கொண்டு வரத்தான் மைதானத்துக்குள் கால் வைத்தார். அதற்குள் ரொமெல் இரண்டு பெட்டைகளுக்கு நடுவால் புகுந்து பந்தை மேலே எறிய, அது வளையத்தில் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்தது. அண்ணை தலையில் கை வைத்தார். "ஐயோ! இன்னொருக்கா எறியடா!"

அவர் எறிய முதல், பின்னல் இரண்டையும் மடித்துக் கட்டியிருந்த ஒரு பெட்டை பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினாள். ஒரே எறி. பத்துக்கு எட்டு. பெட்டைகள் கத்தின கத்தில் மரத்திலிருந்த காகமெல்லாம் எழும்பியது. ரொமெல் அவளுக்குத் தலை குனிந்து கும்பிடு போட்டார். பிறகுதான் எங்களைக் கண்டார்.

"நேரம் என்ன?" என்றார்.

"ஒண்டு முப்பத்திமூண்டு!" என்று நானும் அண்ணையும் ஒரே சத்தமாகச் சொன்னோம்.

பதினெட்டுக் கிலோமீற்றர். ஐம்பத்தேழு நிமிடம். சனிக்கிழமைச் சந்தை. நான் என் வாழ்நாளில் அப்படி ஓட்டோ ஓடியதில்லை. கொக்குவில், இணுவில் எல்லாம் நன்றாக வந்தோம். மருதனார்மடத்தடியில் எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் கையை ஆட்டினார். "சுன்னாகத்திலை லொறி குறுக்காலை நிண்டு போச்சு. ஒண்டும் அசையேல்லை."

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இடது பக்கம் திருப்பினேன். கந்தரோடைப் பக்கத்து ஒழுங்கைகள் எனக்குத் தெரியும். அங்கே என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். சிவப்பு மண் தோட்டங்களுக்கு நடுவால், பனை வேலிகளுக்கு இடையால், ஓட்டோ குதித்துக் குதித்து ஓடியது. பின்னால் பாத்திரங்கள் கலகலக்க, ரொமெல், "கெதியா! கெதியா!" என்று கத்தினார். அம்மா, "மெதுவா! மெதுவா!" என்று கத்தினார்.

அளவெட்டிக்குக் கிட்ட ஒழுங்கையின் நடுவில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் நின்றது. பெட்டி நிறைய வெங்காயம். ஒரு சில்லு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. ஒரு பெரியவர் அதைத் தனியாகத் தள்ளிக்கொண்டிருந்தார். திரும்பிப் போக நேரமில்லை, பக்கத்தால் போக இடமில்லை. நேரம் இரண்டு மணி மூன்று நிமிடம்.

"இறங்குங்கோ!" என்றார் அம்மா. அவர்தான் முதலில் இறங்கினார். "பிள்ளை, நீ அந்தப் பிடியளை இறக்கு. தம்பி, நீங்கள் ரெண்டு பேரும் பின்னாலை தள்ளுங்கோ. ஐயா, நீங்கள் எஞ்சினைப் போடுங்கோ."

நானும் அம்மாவும் வெங்காயப் பிடிகளை வேலியோரம் இறக்கினோம். அண்ணையும் ரொமெலும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். முதல் தரம் சில்லு சுழன்று சேற்றை அள்ளி ரொமெலின் நெஞ்சில் அடித்தது. இரண்டாம் தரம் அசைந்தது. மூன்றாம் தரம் ஏறிவிட்டது. பெரியவரின் பெயர் கந்தப்பு. அவர் நாலு பிடி வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்குப் பின்னால் ஓடி வந்தார். "கொண்டு போங்கோ ராசா, கொண்டு போங்கோ!"

ரொமெலும் அண்ணையும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஐயோ, வெங்காயம் வேண்டாம்!"

அம்மா வாங்கிக்கொண்டார்.

தெல்லிப்பழையில் பிரதான வீதியில் ஏறியபோது இரண்டு பதினாறு. பிறகு நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. துறைமுக வாசலில் பிறேக் போட்டபோது அண்ணையே சொன்னார். "ரெண்டு இருபத்தியேழு." காவலில் நின்றவர் கரையிறங்கும் அனுமதிப் பத்திரத்தை வாங்கி, சேறும் விபூதியுமாக நின்ற ரொமெலை மேலும் கீழும் பார்த்தார். "உவர் என்ன, வயல் உழுதவரோ?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

விடைபெற நேரம் எங்கே இருந்தது? அண்ணை அம்மாவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். என் தலையில் ஒரு குட்டு. பிறகு இரண்டு பேரும் இறங்குதுறையால் ஓடினார்கள். படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம், பிறகு ஒன்றரை முழம். ரொமெல் பாய்ந்தார். அண்ணை பாய்ந்தார். உள்ளே இருந்தவர்கள் இருவரையும் சட்டையில் பிடித்து இழுத்தார்கள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நானும் அம்மாவும் கத்தின கத்துக்குத் துறைமுகத்தில் நின்றவர்களெல்லாம் கைதட்டினார்கள்.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஓட்டோவில் பின்னால் தனியாகச் சாய்ந்திருந்துகொண்டு, "கோட்டைக்கு மேலை நிண்டன் பிள்ளை. இந்தக் காலோடை நானே ஏறினன்," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அவன் என்ரை தோளிலை சாஞ்சு சாப்பிட்டவன், கண்டனியோ?" என்றார்.

"கண்டனான் அம்மா."

வீட்டுக்கு வந்து சேர முதலே அயலில் நாலு வீட்டுப் படலையில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லிக் கதை சொன்னார். நாலாவது வீட்டில் கூடைப்பந்து விளையாட்டு, தானே பார்த்தது போல வந்துவிட்டது.

புதன்கிழமை அண்ணை போன் எடுத்தார். பெரிய சமையல்காரரிடம் இரண்டு பேரும் நல்ல ஏச்சு வாங்கினார்களாம், சேற்றோடு கப்பலில் ஏறினதற்கு. ஆனால் ரொமெல் எடுத்த படங்களையும் அவர் சொன்ன கதையையும் கேட்டுவிட்டுக் கப்பலில் ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறதாம்.

"சுபா, ரெண்டு கிழமையிலை திரும்ப வாறம். ஓட்டோ காணாது. வான் ஒண்டு பிடி. ஒம்பது பேர். கீரிமலைக் கேணியிலை குளிக்கவும் வேணுமாம்."

"எவ்வளவு நேரம் அண்ணை?"

"அதே நாலு மணித்தியாலம்தான்."

தெல்லிப்பழை அடைக்கலநாதன் என்பவரின் வானைப் பிடித்தேன். அன்றிரவு புதிய கொப்பித் தாளில் கீரிமலைக்கு முப்பது நிமிடம் என்று எழுதினேன். வெட்டினேன். நாற்பது என்று எழுதினேன். அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "கோட்டையைக் குறைக்காதை," என்றார்.

கப்பல் திரும்ப வந்த சனிக்கிழமை பத்தேகாலுக்கு அவர்கள் இறங்குதுறையால் வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் அண்ணையும் ரொமெலும், பின்னால் ஏழு பேர், எல்லாருடைய தோளிலும் துவாய். அம்மா வானின் முன் இருக்கையில் ஏற்கெனவே ஏறி இருந்துவிட்டார். நான் கதவை இழுத்துத் திறந்தேன்.

"ஏறுங்கோ, ஏறுங்கோ!" என்று அம்மா யன்னலுக்குள்ளால் கத்தினார். "கதைச்சுக்கொண்டு நிக்க நேரமில்லை!"